பேழையைத் திறக்கும் முன்...

கண்மாய் பெருகியதும் மீன்குஞ்சு விடுவது நம் பகுதியில் பழகிப்போன காட்சி. ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் குஞ்சுகள் வேனில் வந்து இறங்கும். கரையில் ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் நிற்பார்கள். பைகள் அவிழ்க்கப்படும். குஞ்சுகள் நீரில் நழுவி மறையும். இத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன என்று மறுநாள் செய்தி வரும். அனைவருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அந்தக் குஞ்சுகள் எந்த இனம்? எந்த ஆற்றைச் சேர்ந்தவை? அவை விடப்படும் நீரில் ஏற்கெனவே வாழும் மீன்களுக்கு என்ன ஆகும்? இவற்றைக் கேட்பவர்கள் குறைவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களாகிய நாம் இவற்றை இப்போதே கேட்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறோம்.

இரண்டு செய்திகள்

முதல் செய்தி. 2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் ஒரு பகுதியாக, இந்திய ஆறுகளில் நாட்டின மீன்குஞ்சுகளை வளர்த்து விடும் பணி 2021 அக்டோபர் 8 அன்று கங்கைக் கரையில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆறுகளில் மீன்வளம் குறைந்துவிட்டது. எனவே பண்ணையில் பொரிக்கவைத்து ஆற்றில் விட்டு மீண்டும் பெருக்குவோம் என்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

இரண்டாவது செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து குண்டாறு வரை ஏறத்தாழ 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடா நோக்கிச் செல்லும் குண்டாறு, ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலும் முள்ளுமாகவே கிடக்கிறது. அங்கே காவிரி வெள்ளம் வரும் என்பது, குடிநீருக்கே தூரத்து ஆறுகளை எதிர்பார்க்கும் மக்களுக்கு எத்தனை பெரிய நம்பிக்கை! அந்த நாள் விரைவில் வர வேண்டும் என்றே நாமும் செபிக்கிறோம்.

ஆனால் ஆறு தனியாக வராது. தன்னிடம் உள்ள மீன்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும். காவிரியில் இன்று என்ன மீன்கள் இருக்கின்றன, அவை எப்படி அங்கே வந்தன என்பது ஒரு பாடம். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு நம் கண்மாய்க்குத் திரும்புவோம்.

தொட்டியில் பிறக்கும் மீன்

ஆற்று மீன்கள் பல, குளத்தில் அடைத்து வைத்தால் முட்டையிடாது. புதுவெள்ளத்தின் ஓட்டமும் குளிர்ச்சியும் கிடைத்தால்தான் அவற்றின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். இந்தத் தடையை 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி என்ற அறிவியலாளரும் அவரது குழுவினரும் கடந்தார்கள். ஒரு மீனின் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை மற்றொரு மீனுக்கு ஊசியாகப் போட்டு, அதை முட்டையிட வைத்தார்கள். ஜூலை 10 இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கங்கைச் சமவெளி மீன்கள் இன்று நம் ஊர்க் கண்மாய் வரை வந்து சேர்ந்திருப்பதற்கு இந்தக் கண்டுபிடிப்பே அடித்தளம். ஏழைகளின் தட்டில் மீன் விழுந்தது. பலருக்குப் பிழைப்பு கிடைத்தது. இதை மறுப்பதற்கில்லை. அழிந்துவரும் மீன்களையும் இதே போல் தொட்டியில் பெருக்கி ஆற்றில் விட்டால் காப்பாற்றிவிடலாமே என்ற எண்ணமும் இயல்பாகவே பிறந்தது.

காவிரியில் நடந்தது

மாசீர் என்பது இந்தியாவின் பெரிய ஆற்று மீன். தமிழகத்தில் பொம்மீன், ஆனைக்கெண்டை என்று இடத்துக்கு ஒரு பெயரில் அழைப்பார்கள். காவிரிக்கும் அதன் துணை ஆறுகளுக்கும் மட்டுமே உரிய மாசீர் ஒன்று உண்டு. முதுகு திமில் போல் உயர்ந்து, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். திமில் மாசீர் என்று நாம் சொல்லிக்கொள்வோம். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மாசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஓர் ஆளின் எடை!

அணைகள் வந்தன. மணல் போனது. தோட்டா போட்டு மீன் பிடிக்கும் கொடுமை பெருகியது. பெரிய மீன்கள் அரிதாயின. அப்போது அக்கறையுள்ளவர்கள் சிலர் முன்வந்தார்கள். 1972-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வன உயிர்ச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. தூண்டிலில் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடும் முறையைக் கொண்டுவந்தது. வெடி வைப்பவர்களைத் தடுத்தது. இவை அனைத்தும் நன்மையே.

அதே காலத்தில் மகாராஷ்டிராவின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் ஏரிக்கரைப் பண்ணையில் மாசீர் இனப்பெருக்கம் வெற்றி பெற்றிருந்தது. தாய் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்துநீருடன் கலந்து, ஓடும் நீரில் பொரிக்க வைத்தார்கள். அங்கே பெருகிய குஞ்சுகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டன. காவிரிக்கும் வந்தன. மாசீர் குறைந்த ஆற்றுக்கு மாசீரைத் தருகிறோம் என்ற நிறைவு அனைவருக்கும் இருந்தது.

ஒன்றை மட்டும் யாரும் அப்போது கவனிக்கவில்லை. லோனாவாலாவில் பெருக்கியது நீலத்துடுப்பு மாசீர். அது வேறு ஆற்றின் மீன். காவிரியின் திமில் மாசீர் அன்று. பெயர் ஒன்று, குடும்பம் ஒன்று. ஆனால் இனம் வேறு.

விளைவு என்ன? காவிரிக் கரை முகாம்களில் தூண்டில் போட்டவர்கள், தாங்கள் பிடித்து விட்ட மீன்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு இருந்தது. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் அதை அலசி 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தத்தில் மாசீரின் எண்ணிக்கை கூடியிருந்தது. கூடியது வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு. காவிரியின் சொந்தத் திமில் மாசீரோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, குறிப்பேட்டிலிருந்தே ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது.

விருந்தாளிக்குக் கதவைத் திறந்தோம். வீட்டுப் பிள்ளை வெளியேறிவிட்டது!

பெயர் இல்லாத மீன்

இதைவிட வேதனையான ஒன்று உண்டு. காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர், அப்போது உலகச் சிவப்புப் பட்டியலில் அருகிய இனமாக இடம்பெற்றிருந்தது. ஆகவே அதைப் பெருக்குவது ஓர் அறச்செயலாகவே தோன்றியது. அழிந்துகொண்டிருந்த திமில் மாசீரோ எந்தப் பட்டியலிலும் இல்லை. காரணம், அதற்கு உறுதியான அறிவியல் பெயரே இருக்கவில்லை. நூறாண்டுக்கு மேலாக வேட்டைக்காரர்களின் கதைகளில் புகழ்பெற்றிருந்த மீன், கணக்கில் இல்லாத மீனாக இருந்தது.

2018-இல்தான் விடை கிடைத்தது. தமிழகத்தின் மாயாற்றில் எஞ்சியிருந்த திமில் மாசீரை உடலமைப்பாலும் மரபணுவாலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. பாம்பாறு நம் அமராவதியில் சேரும் ஆறு. அமராவதி காவிரியில் சேரும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவி அவர்களின் பெயரால் அமைந்த பெயர் அது. பெயர் உறுதியான அதே ஆண்டில் அந்த மீன் 'மிக அருகிய இனம்' என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. நீலத்துடுப்போ உடனடி ஆபத்து இல்லாத இனம் என்று மதிப்பிடப்பட்டது.

முதல் மனிதனின் முன் உயிரினங்களைக் கொண்டுவந்து, அவற்றுக்கு அவன் என்ன பெயரிடுவான் என்று கடவுள் பார்த்ததாகத் தொடக்கநூல் சொல்கிறது (2:19). பெயரிடுவது ஆளுவதற்கு மட்டுமன்று, அறிந்துகொள்வதற்கு. நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் (யோவான் 10:3). பெயர் தெரியாததை நாம் தேடுவதில்லை. காணாமல் போனால் வருந்துவதுமில்லை. நம் சமூகத்தில் பட்டியலில் பெயர் இல்லாத ஏழைக்கு நேர்வதும் இதுதானே!

நீரில் வாழும் உயிர்களை அவற்றின் அவற்றின் இனத்தின்படி கடவுள் படைத்தார் என்று அதே நூல் சொல்கிறது (1:21). இனத்தின்படி என்பதற்குள் இத்தனை பொருள் அடங்கியிருக்கிறது. மாசீர் போனால் இன்னொரு மாசீர் போதும் என்று நாம் நினைக்கிறோம். கடவுள் அப்படி நினைக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலிலும் இதே கவலை இருக்கிறது. உயிரினங்களைப் பயன்படு பொருளாக மட்டும் பார்க்கக் கூடாது, அவற்றுக்குத் தம்மளவில் மதிப்பு உண்டு என்கிறார் (எண் 33). மனிதத் தலையீட்டால் வந்த சிக்கலைத் தீர்க்க மனிதன் மீண்டும் தலையிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும் சுழலையும் அடுத்த பத்தியிலேயே சுட்டிக்காட்டுகிறார். காவிரியின் கதை இதற்கு வேறு விளக்கம் தேவையில்லாத சான்று.

நோவாவின் பொறுமை

அப்படியானால் தொட்டியில் மீன் வளர்த்து ஆற்றில் விடுவதே தவறா? இல்லை. இனம் முற்றிலும் அழியும் நிலையில், எஞ்சியதைப் பாதுகாத்துப் பெருக்க வேறு வழி இல்லாமல் போகலாம். நோவாவின் பேழையும் அதுதான். கடவுளே கட்டச் சொன்ன காப்பகம்.

ஆனால் பேழை வீடு அன்று. வழியில் தங்கும் இடம். வெள்ளம் வற்றத் தொடங்கியதும் நோவா கதவைத் திறந்து அனைத்தையும் வெளியே விரட்டிவிடவில்லை. ஒரு புறாவை அனுப்பினார். கால் வைக்க இடமில்லாமல் அது திரும்பி வந்தது. கை நீட்டி உள்ளே எடுத்துக்கொண்டார். ஏழு நாள் பொறுத்து மீண்டும் அனுப்பினார். ஒலிவ இலையோடு வந்தது. மேலும் ஏழு நாள் பொறுத்தார். மூன்றாம் முறை புறா திரும்பவில்லை. அதன் பிறகும் கடவுளின் சொல்லைக் கேட்டுத்தான் வெளியேறினார் (தொடக்கநூல் 8:8-17). உயிரைக் காப்பது பாதி வேலை. அது போய் வாழ நிலம் ஆயத்தமா என்று பார்ப்பது மீதி வேலை.

நாம் செய்வதோ பெரும்பாலும் புறாவை அனுப்பாமலேயே கதவைத் திறப்பது. கோடையில் வற்றும் ஆற்றில், சாயக்கழிவு கலந்த நீரில், தடுப்பணைக்குக் கீழே குட்டையாகத் தேங்கிய இடத்தில் குஞ்சுகளை விடுகிறோம். விட்ட எண்ணிக்கையை எழுதிக்கொள்கிறோம். பிழைத்த எண்ணிக்கையை எண்ணுவதில்லை.

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆறு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1957-இல் உயிரற்ற ஆறு என்று அறிவிக்கப்பட்டது. கழிவுநீர் சுத்திகரிப்பைச் சீராக்கினார்கள். பல தலைமுறைகளுக்குப் பின் 1974-இல் ஒரு சால்மன் மீன் அங்கே தென்பட்டது. 1979 முதல் பெருமளவில் சால்மன் குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள். பின்னர் தேம்ஸில் கிடைத்த சால்மன்களின் மரபணுவைப் பரிசோதித்து 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை பண்ணைக் குஞ்சுகளின் வழி வந்தவை அல்ல. அக்கம்பக்கத்து ஆறுகளிலிருந்து தாமாக வந்தவை! ஆறு நலமானால் மீன் வழி கண்டு வரும். ஆறு நலமில்லாவிட்டால் கொண்டுவந்து விட்டாலும் நிலைக்காது.

எசேக்கியேல் கண்ட காட்சியிலும் இந்த வரிசையே இருக்கிறது. கோவிலிலிருந்து புறப்பட்ட நீர் பாய்ந்து உவர்நீரை நல்ல நீராக்குகிறது. பிறகு அங்கே மீன்கள் பெருகுகின்றன. அதற்கும் பிறகு மீனவர்கள் வலைகளைக் காயப் போடுகிறார்கள் (47:8-10). முதலில் நீர், அடுத்து மீன், பிறகு மனிதரின் பிழைப்பு.

நம் கண்மாயின் மீன்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். திமில் மாசீர் குண்டாற்றுக்கு உரியதன்று. அதற்கு வற்றாத மலையாறு வேண்டும். நம் வறண்ட நிலத்துக்கென்று கடவுள் வேறு மீன்களைத் தந்திருக்கிறார். விரால், குரவை, கெளுத்தி, தேளி, ஆரால், அயிரை, உளுவை, நாட்டுக் கெண்டைகள். இவற்றில் பலவற்றின் உடலமைப்பே வறட்சிக்கு ஏற்றது. விராலும் தேளியும் நீருக்கு மேல் வந்து காற்றைக் குடிக்கும். கண்மாய் வற்றினால் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டைகள் கலுங்கு வழியும் வாய்க்கால் வழியும் எதிரேறி, ஆழமில்லாத ஓரங்களில் முட்டையிடும். கோடையில் ஊரே கூடி ஊத்தாவும் கச்சாவும் ஏந்திக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா, சாதி மதம் பாராமல் ஒவ்வொரு வீட்டுக்கும் குழம்பு கொடுத்தது இந்த மீன்களால்தான். அப்போது கண்மாய்க்கு யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை. கண்மாயே பண்ணையாக இருந்தது.

இன்று? மீன் பாசி குத்தகை எடுப்பவர் போட்ட பணத்தை ஒரே பருவத்தில் எடுத்தாக வேண்டும். எனவே விரைவாக வளரும் கட்லாவும் ரோகுவும் விடப்படுகின்றன. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, யாரும் விடாமலேயே எங்கும் பெருகி நிற்கிறது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்றும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படுகிறது. கரை உடைந்தால் அது கண்மாய்க்குள் புகுந்து கிடைத்ததை எல்லாம் தின்னும். இறுதியில் அடிமடுவில் கிடக்கும் நீரையும் மோட்டார் வைத்து இறைத்து, சேற்றில் ஒளிந்திருக்கும் விராலையும் விடாமல் எடுத்துவிட்டால், அடுத்த ஆண்டுக்கு விதை மீன் ஏது?

இதில் குத்தகைதாரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரும் கடன் வாங்கியவர்தான். ஓராண்டுக் கணக்கில் கண்மாயை ஏலம் விட்டுவிட்டு, நூறாண்டுக்கு அது நலமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் முறையின் கோளாறு.

இந்த நிலையில்தான் கால்வாய் வரப்போகிறது. நாளை குண்டாற்றில் நீர் ஓடினால், அதில் மீன்குஞ்சு விடும் விழாக்களும் நடக்கும். அன்று நம் கண்மாய்களில் நாட்டு மீன்கள் எஞ்சியிருந்தால் அவையே பெருகிப் புது நீரை நிரப்பும். எஞ்சியிருக்காவிட்டால் காவிரிக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். மீன் இருக்கும், நம் மீன் இருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களை மாற்றும் வலிமை ஒரு பங்குக்கோ ஓர் அன்பியத்துக்கோ இல்லை என்று தோன்றலாம். ஆனால் கண்மாய் நம் ஊரில் இருக்கிறது. தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அவற்றுள் ஒன்று. அங்கே சில எளிய கோரிக்கைகளை வைக்கலாம்.

கண்மாயின் ஆழமான மடு ஒன்றைக் கோடையிலும் இறைக்காமல், மீன் பிடிக்காமல், விதை மீனுக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லலாம். புதுத் தண்ணீர் வரும் முதல் சில வாரங்களுக்குக் கலுங்கிலும் மடை வாயிலும் வலை கட்டக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போடலாம். குஞ்சு விட வருபவர்களிடம், இது எந்த இனம், எந்த ஆற்றின் தாய் மீனிலிருந்து வந்தது என்று மரியாதையாகக் கேட்கலாம். விடுவதானால் நம் பகுதியின் விராலையும் கெண்டையையும் பண்ணையில் பெருக்கித் தாருங்கள் என்று மீன்வளத் துறையிடம் மனு கொடுக்கலாம். வரத்துக் கால்வாயில் மண்டிய சீமைக் கருவேலத்தையும் குப்பையையும் அகற்ற நம் இளைஞர்கள் ஒரு நாள் கை கொடுக்கலாம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குத் தம் ஊர் மீன்களின் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். பெயர் தெரிந்தால்தானே தேடுவார்கள்!

பிற சமயத்து அன்பர்களிடமிருந்தும் நாம் கற்க இருக்கிறது. கர்நாடகத்தின் சிருங்கேரியில் துங்கை ஆற்றின் கோவில் படித்துறையில் மாசீர் மீன்களை எவரும் பிடிப்பதில்லை. பண்ணையும் இல்லை, தொட்டியும் இல்லை. இங்கே பிடிக்க மாட்டோம் என்ற ஊரின் கட்டுப்பாடு ஒன்றே காவல். நம் குண்டாற்றங்கரையிலும் தேவாரம் பாடப்பெற்ற திருச்சுழிக் கோவில் இருக்கிறது. சுற்றிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. நம் ஆலயங்களும் இருக்கின்றன. ஆற்றைக் காக்கும் பணியில் இவை ஒன்றுசேரத் தடை ஏது? ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருஅவை கொண்டாடும் படைப்பின் காலம் அதற்கு ஏற்ற தொடக்கம். அக்டோபர் 2 கிராமசபை நாளும் அதற்குள் வந்துவிடுகிறது.

நீரில் வாழும் உயிர்களுக்குக் கடவுள் கொடுத்த முதல் ஆசி, பலுகிப் பெருகுங்கள் என்பது (தொடக்கநூல் 1:22). மனிதனுக்கு ஆசி கிடைக்கும் முன்பே மீனுக்குக் கிடைத்துவிட்டது. அந்த ஆசி இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. நாம் வழியை அடைக்காமல் இருந்தால் அது இன்றும் பலிக்கும்.

குஞ்சுப் பையை அவிழ்க்கும் முன் ஒரு நிமிடம் நிற்போம். புறா கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். சிந்திப்போம், செயல்படுவோம்.